முதல் மடக்கை மறுத்தவர்கள்

மருந்துக் குவளையோடு வாசலில் நின்ற தீவின் ஆய்வாளர் ஜெசிந்தாவைப் பார்த்ததும் படகு மெக்கானிக் ராயப்பன் கதவைப் பாதி சாத்தினார்.

"டைபாய்டு கிருமியை உசுரோட குடிக்கச் சொல்றியேம்மா!"

"பல்லைப் பிடுங்கின கிருமிண்ணே. வெண்காய்ச்சல் வைரஸோட ஒரு துண்டைச் சுமந்துபோய்க் குடல்ல காட்டிட்டுச் செத்துடும். அடையாளம் தெரிஞ்சா உடம்பே வைரஸை அடிச்சிரும்."

"எனக்கு வேண்டாம்."

அவரையும் வேறு சிலரையும் தவிரத் தீவே குடித்தது. ஊசி இல்லை, வலி இல்லை; ஒரே மடக்கு. அந்த மழைக்காலத்தோடு வெண்காய்ச்சல் ஒழிந்தது. அந்தப் பாக்டீரியாவுக்குச் 'சுமப்பி' என்று செல்லப்பெயரே வைத்துவிட்டார்கள்.

சில ஆண்டுகள் கழித்துச் செங்காய்ச்சல் வந்தது. வேறு வைரஸ். ஜெசிந்தா கலங்கவில்லை, அதே சுமப்பியில் புது வைரஸின் துண்டை ஏற்றினாள். இம்முறை ராயப்பனும் வரிசைக்கு வந்தார்.

"மக மாசமா இருக்கா. பயந்துட்டு இருக்க முடியாது. கொடும்மா."

குடித்த பிறகும் காய்ச்சல் பரவியது. ரத்த மாதிரிகளைச் சோதித்ததும் ஜெசிந்தாவுக்குக் காரணம் தெரிந்தது. முதல் முறையே உடல்கள் வைரஸோடு சேர்த்துச் சுமப்பியையும் எதிரியாக நினைவில் வைத்திருந்தன. இப்போது அது சரக்கை இறக்கும் முன்பே அதைக் கொன்றுவிட்டன. மருந்து பலித்தது, பெரியவர்களில் அன்று மறுத்தவர்களுக்கு மட்டும்.

"அப்போ எனக்கு வராதா?" என்றார் ராயப்பன்.

"வராதுண்ணே. எனக்குத்தான் வரும்."

அன்றே அவர் பள்ளிக்கூடத்தில் கட்டில்களைப் போட்டார். மறுத்தவர்களை எல்லாம் கூட்டி வந்தார். நோயாளிகளைத் துடைத்து, கஞ்சி ஊட்டி, காய்ச்சலில் பிரசவித்த தன் மகளையும் குழந்தையையும் பிழைக்க வைத்தார். ஜெசிந்தா ஆய்வுக்கூடத்தைப் பூட்டிக்கொண்டு, அந்த உடல்கள் பார்த்தேயிராத இன்னொரு பாக்டீரியாவை வலுக்குறைத்தாள். அது வென்றது. செங்காய்ச்சல் அடங்கிய அன்று கடற்கரையெங்கும் வெடி வெடித்தார்கள்.

மிச்சமிருந்த குழந்தைகளுக்குப் புது மருந்து கொடுக்கும்போது ராயப்பனும் கையை நீட்டினார்.

"உங்களுக்கு வேண்டாம்ண்ணே."

"ஏம்மா? இப்ப எனக்குப் பயமில்லையே."

"அடுத்த நோய் வந்தா இந்தச் சுமப்பியையும் எங்க உடம்பு கொன்னுடும். அப்ப வேற சுமப்பி தயாராகுற வரைக்கும் நோயாளியைத் தொட, இதைக் குடிக்காத ஆள் சில பேர் வேணும்."

ராயப்பன் வரிசையைப் பார்த்தார். தாய்மார்கள் பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றார்கள்.

"நான் கிழவன், சரி. எனக்கப்புறம் இதுல யாரைக் குடிக்காதேன்னு சொல்லுவே?"

ஜெசிந்தா அடுத்த குழந்தையின் வாயில் மருந்தை ஊற்றினாள்.