ஆறாத சிமென்ட்

ஜன்னலோரம் டாக்டர் குசுமோத்தோ. அவருக்கு வலப்பக்கம் தலைமைச் செவிலியர் நகாதானி. கதவருகே செவிலியர் ஹிசாயோ. நடுவே எஃகுத் தட்டில், கோலிக்குண்டு அளவில், எலும்புச் சிமென்ட் உருண்டை.

அது இன்னும் சுட்டது. பத்து நிமிடத்தில் இறுகிக் குளிர வேண்டியது, ஒன்பது நாளாகிறது.

"என் எலும்பு அரிசி அப்பளம், டாக்டர். பாத்து நொறுக்குங்க" என்று சிரித்தபடிதான் இவாகி அம்மா அறுவை அறைக்குள் வந்தார். திருகாணி நிற்காத அந்த முதுகெலும்புக்குள் சிமென்ட் செலுத்தினார்கள். செலுத்தும் முன் கலவையில் கொஞ்சத்தைச் செவிலியர் விரலில் உருட்டிப் பார்ப்பார். கையுறையில் ஒட்டாமல் வந்த பிறகே செலுத்தலாம். ஹிசாயோ இந்த உருண்டையை உருட்டியபோது ஒட்டியது. சொன்னாள். டாக்டர் காத்திருக்கவில்லை. நீர்த்த சிமென்ட் ரத்தக்குழாய் வழியாக நுரையீரலை அடைத்தது. மாலைக்குள் மூச்சுமுட்டி அந்த அம்மா போய்விட்டார்.

டாக்டர் அறுவை அறிக்கையை ஹிசாயோ பக்கம் தள்ளினார். "கலந்தப்புறம் நாலு நிமிஷம் காத்திருந்தோம்னு இருக்கு. மூணு பேரோட பெயர் முத்திரை வேணும். ரெண்டு விழுந்தாச்சு."

"ரெண்டே நிமிஷம், டாக்டர். கடிகாரத்தைப் பாத்துச் சொன்னதே நான்தானே."

"ஹிசா, உன் பிடிவாதத்துக்கு இந்த ஊர்ல வேற ஆஸ்பத்திரி இல்லம்மா" என்றார் நகாதானி.

"பஸ் இருக்குல்ல, அக்கா."

அறையில் சிமென்ட் திரவத்தின் நெடி மெல்லப் பரவி, பச்சைத் தேநீரின் மணத்தை மூடி, அவள் தொண்டைக்குள் இறங்கியது. குளிர்சாதனத்தின் முனகலுக்கு அடியில், ஈரத்துணி வழியாக யாரோ மூச்சிழுப்பதுபோல் இன்னொரு ஒலி, நின்று நின்று, தட்டிலிருந்தே வந்தது. மற்ற இருவரும் கோப்பையை விட்டுக் கண்ணெடுக்கவில்லை.

"நாலு நிமிஷம்" என்றார் டாக்டர் மறுபடி.

உருண்டை இளகியது.

ஹிசாயோ பையைத் திறந்தாள். சுகாதார அலுவலகத்துக்கு நேற்றே எழுதிய கடிதம். நேரம், நிமிடம், யார் சொன்னது, எல்லாம் வரிசையாக. முத்திரைக் கட்டையையும் எடுத்தாள்.

"என் முத்திரை இதுல விழும்."

"ஹிசா, அந்த உருண்டையைத் தொடாத."

தொட்டாள். சூடு. விரலில் ஒட்டியது. கடித உறையின் வாயில் அப்பினாள். அதன்மேல் தன் பெயரை அழுத்தினாள். கணத்தில் இறுகியது.

யாரும் தடுக்கவில்லை.

வாசலில் சிவப்புத் தபால்பெட்டி. நடுப்பகல் வெயில். உறையைப் பார்த்தாள்.

அவள் பெயர் மெல்ல உயர்ந்தது. தாழ்ந்தது. மறுபடி உயர்ந்தது.

"போயிட்டு வாங்க, இவாகி அம்மா."

உள்ளே விட்டாள். விழுந்த சத்தம் கேட்டது. பெட்டியின் வாயிலிருந்து வெதுவெதுப்பான மூச்சு அவள் விரல்களில் பட்டது.