கடைசிச் சந்தாதாரர்

பெட்டியில் மிச்சமிருந்த ஒரே லைன் கார்டின் ஒரே பச்சை விளக்கு படபடவென்று துடித்துக்கொண்டிருந்தது. யாரோ இணையத்தை நன்றாகப் பயன்படுத்துகிறார் என்று அர்த்தம். அதில் தவறொன்றுமில்லை, அந்த லைன், இந்தப் பெட்டியைக் கவனித்துக்கொள்ளும் டெக்னீஷியனுடைய சொந்த வீட்டுக்குப் போகிறது என்பதையும், அங்கே அவரைத் தவிர யாரும் குடியில்லை என்பதையும், காலையில் பூட்டிய சாவி அவர் சட்டைப்பையில் கிடக்கிறது என்பதையும் கண்டுகொள்ளாமல் விட்டால்.

ஜன்னலே இல்லாத தொலைபேசி எக்ஸ்சேஞ்ச் அறை அது. ஆளுயர இரும்புச் சட்டத்தில் பொருத்திய அந்தப் பெட்டிக்குள் ஒரு காலத்தில் அலமாரிப் புத்தகங்கள் மாதிரி கார்டுகள் நெருக்கியடித்து நின்றன. ஒவ்வொரு கார்டிலும் ஒரு தெருவே குடியிருந்தது. ஃபைபர் இணைப்பு வந்ததும் தெருத்தெருவாகக் காலி செய்துகொண்டு போனார்கள். இப்போது ஒரு கார்டு, ஒரு சந்தாதாரர், ஒரு ஊழியர். பின்னவர் இருவரும் ஒரே ஆள் என்பதை மட்டும் அவர் மேலிடத்துக்குச் சொல்லவில்லை.

கடைசி லைனும் போனால் அறையைப் பூட்டிவிடுவார்கள். அப்புறம் அவருக்குப் போக்கிடம் வீடுதான். இங்கேயாவது பெட்டியின் அடித்தட்டில் விசிறிகள் ஓயாமல் இரைந்துகொண்டிருக்கும், சூடான தூசியின் வாசனை துணைக்கு இருக்கும். மனைவி பிறந்த வீட்டுக்குக் கிளம்பிய பிறகு அவர் வீட்டில் அதுகூட இல்லை. போகும்போது, “நீங்க அந்தப் பெட்டியையே கட்டிக்கிட்டிருக்கலாம்” என்றாள். அவர் யோசித்துப் பார்த்தார். நியாயமாகத்தான் பட்டது.

ஆகவே மேலதிகாரியான இன்ஜினியர் கேட்கும்போதெல்லாம் ஒரு கஸ்டமரைச் சோறு போட்டு வளர்ப்பதுபோல வளர்த்து வந்தார். தனிக்கட்டை, சார். வீட்டைவிட்டு வெளியில வரவே மாட்டாரு. ராத்திரி தூங்கவும் மாட்டாரு. இந்த லைனைப் புடுங்கினா மனுஷன் அவ்வளவுதான். கேட்கிற ஒவ்வொரு முறையும் ஒரு சின்ன விவரம் சேர்த்தார். பொய்க்கு ஓரளவு சதை பிடித்திருந்தது.

மேசைத் தொலைபேசி அடித்தது. இன்ஜினியர்.

“யோவ், உன் ஆளு இப்பதான் எனக்கு போன் பண்ணாருய்யா.”

“எந்த ஆளு சார்?”

“அதான், கடைசி கஸ்டமர். நீ சும்மா ரீல் விடுறேன்னு இத்தனை நாளா நெனச்சேன். பாவம்யா, அப்படி ஒரு குரல். உன்னைத்தான் விசாரிச்சாரு. அங்க தனியாவா இருக்காருன்னு கேட்டாரு.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“தனியாத்தான்னு சொன்னேன். ஏன், அது என்ன ரகசியமா?”

இன்ஜினியர் வைத்துவிட்டார். விசிறிகளின் இரைச்சல் திடீரென்று ரொம்பப் பக்கத்தில் கேட்டது. சுவரோரம் தொங்கிய பழைய ஒயர்களின் நிழல், ஒயர்கள் அசையாதபோதும், லேசாக அசைந்த மாதிரி இருந்தது. டெஸ்ட் போனை எடுத்துத் தன் வீட்டு எண்ணை அழுத்தினார். அடிக்கும், யாரும் எடுக்க மாட்டார்கள், சிரித்துவிட்டு டீ குடிக்கலாம்.

எடுத்தார்கள்.

முதலில் கேட்டது அவர் வீட்டுக் கூடத்து மின்விசிறியின் முனகல். சுற்றுக்கு ஒரு முறை. அதைச் சரிசெய்யச் சொல்லித்தான் மனைவி எத்தனை நாள் சண்டை போட்டாள்.

“எக்ஸ்சேஞ்சுங்களா?” நிதானமான குரல். ரொம்ப நாள் யாரிடமும் பேசாத குரல்.

“ஆமா. நீங்க யாரு?”

“கஸ்டமர்தாங்க. லைன்ல ஒரே இரைச்சல். பக்கத்துல யாரோ மூச்சு விடுற மாதிரியும் இருக்கு. நீங்கதானா?”

பயந்தால் வாய் பழகியதைப் பேசும். “கம்ப்ளைன்ட் எழுதிக்கிட்டேன். ஆள் அனுப்புறோம்.”

“உங்களுக்கு எதுக்குங்க சிரமம்? அங்கதான் வேற யாரும் இல்லையாமே. நானே வந்துடறேன்.”

லைன் கட்டாகவில்லை. மின்விசிறி முனகிக்கொண்டே இருந்தது. அதன் அடியில் ஒரு நாற்காலி பின்னால் நகர்ந்தது.

கார்டுக்கு ஒரு வித்தை தெரியும். ஒயரில் ஒரு துடிப்பை அனுப்பி, அது திரும்பி வரும் நேரத்தை வைத்து மறுமுனை எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று சொல்லும். அவர் மடிக்கணினியைச் செருகிச் சோதித்தார். வீடு இருப்பது மூன்று கிலோமீட்டர் தள்ளி. திரையில் இரண்டு. ஒயர் எங்காவது அறுந்திருக்கும் என்று தன்னைத் தேற்றிக்கொண்டார். அறுந்திருந்தால் பச்சை விளக்கு அணைந்திருக்க வேண்டும். அது முன்னைவிட வேகமாகத் துடித்தது.

மறுபடி சோதித்தார். ஒன்று.

ஒயர் சுருங்காது. வீடு நடக்காது.

மறுபடி. தெருமுனை டீக்கடை இருக்கும் தூரம்.

மறுபடி. கட்டட வாசல்.

அப்புறம் தரைக்கு அடியில், கேபிள்கள் உள்ளே நுழையும் நிலவறை. அவர் செருப்புக்குக் கீழே.

கார்டின் இரண்டு கொக்கிகளையும் விடுவித்து இழுத்தார். வந்துவிட்டது. விளக்கு அணைந்தது. கையில் கார்டு குழந்தையின் உடம்பு மாதிரி வெதுவெதுப்பாக இருந்தது. லைன் போயிற்று. அறை போயிற்று. பரவாயில்லை என்று வாழ்க்கையில் முதல்முறையாகத் தோன்றியது.

விசிறிகள் நின்றன.

கார்டை எடுத்தால் அவை நிற்கக் கூடாது. நின்றுவிட்டன. அவர் வீட்டில் இருக்கும் அதே அமைதி.

கதவு பின்னால்தான். திறந்தால் தெரு. தெருவில் ஓடினால் வீடு. வேறெங்கே போவது என்று யோசித்தார். ஒரு பெயரும் வரவில்லை.

கார்டு இருந்த இடத்தில் இப்போது விரல்கடை அகலத்துக்கு ஓர் இருட்டு. அதிலிருந்து காற்று வந்தது. பூட்டிய கூடத்தின் வாசனை.

பிறகு விரல்கள்.

நான்கு. வெளுத்தவை. அவசரமில்லாதவை. வெளியே வளைந்து, பக்கத்துக் காலியிடத்தை மூடியிருந்த தகட்டின் திருகைத் தடவிக் கண்டுபிடித்தன. திருகின. கழன்ற திருகை விழவிடாமல் பெட்டியின் விளிம்பில் வைத்தன. இரண்டாவது திருகை அதற்குப் பக்கத்தில், வரிசையாக. தகட்டை எடுத்து ஓசைப்படாமல் சாய்த்தன.

இருட்டு இரண்டு மடங்கு அகலமானது.

அடுத்த தகட்டுக்கு இன்னொரு கையும் வந்தது.