ஞாயிற்றுக்கிழமை பிச்சர்

"அம்மா, தள்ளி நில்லு. பின்னாடி இருக்கறவங்களுக்கு மறைக்குது."

துடைப்பமும் கையுமாக டிவிக்கு முன்னால் நின்ற சுசித்ரா திரும்பிப் பார்த்தாள். பாயில் அவள் மகள் அஷ்வினி மட்டும்தான் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். மாதேஸ்வரன் மலையில் மொட்டை போட்ட தலையில் முடி இப்போதுதான் குத்துக்குத்தாக முளைத்திருந்தது. அவளுக்குப் பின்னால் வெறும் தரை, அப்புறம் சுவர்.

"யாருக்கு சாமி மறைக்குது?"

பிள்ளை கழுத்தை நீட்டி டிவியைப் பார்த்தது. சுசித்ராவும் திரும்பக் கேட்கவில்லை. வாரம் முழுக்க ஹெப்பாள் கம்பெனியில் நின்று நின்று கால் வீங்கி, கிடைக்கிற ஒரு ஞாயிற்றுக்கிழமையில் துவைத்துத் துடைத்து மாவும் ஆட்டி முடிக்க வேண்டியவளுக்கு, பிள்ளை ஓரிடத்தில் அசையாமல் இருப்பதே பெரிய வரம். கேள்வி கேட்டு அதைக் கெடுத்துக்கொள்வாளா? புருஷன் ரத்தினவேல் மதிய ஷிப்டுக்குப் போய்விட்டான். வீட்டில் இருந்தாலும் போனும் அவனும்தான். பிள்ளைக்குக் காவல் டிவி. அது இந்த வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத ஏற்பாடு.

ஈரத்துணியோடு குனிந்து பாய்க்குப் பின்னால் துடைத்தவளின் உள்ளங்கை நின்றது. வெயில் எட்டிப் பார்க்காத மூலை. ஆனால் சிவப்புத் தரை வெதுவெதுவென்று, பஸ்ஸில் ஒருவர் எழுந்துபோன சீட் மாதிரி, சூடாக இருந்தது, அதுவும் ஓரிடத்தில் இல்லை, சுவர் வரைக்கும். தேங்காய் எண்ணெய், வாடிய மல்லிகை, வியர்வை, வறுத்த கடலை என்று பலபேர் நெருக்கியடித்து உட்கார்ந்த வாசம் வேறு. ஜன்னலைத் திறந்து வைத்தாள். வாசம் போகவில்லை. அவளுக்கு இருந்த அலுப்பில், போனால் என்ன, போகாவிட்டால் என்ன என்றுதான் தோன்றியது.

பொழுது சாயும் நேரத்தில் கொடியில் துணி எடுக்கப் போனபோது, பக்கத்து வீட்டு பசம்மாவிடம் பேச்சுவாக்கில் கேட்டாள். "ஏனுங்கக்கா, இந்த வீட்டுல முன்னாடி யாரு குடியிருந்தாங்க?"

அந்தத் தெருவிலேயே பிறந்து வளர்ந்த, கன்னடம் கலந்த தமிழ் பேசும் பசம்மாவுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. "தெருவுக்கே மொதல் டிவி உங்க மனெக்குத்தான், இந்த வீட்டுக்குத்தான் வந்தது கணம்மா! கதவு வெச்ச மரப்பொட்டி. ஞாயித்துக்கெழமெ சாயங்காலம் பிச்சருக்குத் தெருவே அந்த ஹாலுலதான். யாரும் கூப்பிட வேண்டாம்."

"அத்தனை பேரையும் எப்படிக் கெளப்புனாங்க?"

"போங்கன்னு சொல்ல முடியுமா? பிச்சர் முடிஞ்சதும் வீட்டம்மா குங்குமத் தட்டெ நீட்டுவாங்க. எடுத்து வெச்சுட்டு எல்லாரும் எந்திரிப்பாங்க. லைட்டெ அணைச்சுத்தானே பாக்கறது? தூங்குன கொழந்தெ மக்களெ அந்த இருட்டுலயே தோள்லெ தூக்கிப் போட்டுக்குவாங்க. 'முகீதா, முடிஞ்சுதா'ன்னு நாங்க தூக்கத்துலயே கேப்போம். ஒருதடவெ எங்கம்மா என்னெ விட்டுட்டு யார் மகளையோ தூக்கிட்டு வந்துட்டாங்க, நோடு!" பசம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அப்புறம் வீட்டுக்கு வீடு டிவி வந்தது. யாரும் யார் வீட்டுக்கும் போகலெ. அந்தக் கூட்டத்துலெ முக்கால்வாசிப் பேர் இப்ப உசுரோடயே இல்லெ."

சுசித்ரா சிரிக்க முயன்றாள். கையில் துணிமூட்டை கனத்தது.

வீட்டுக்குள் வந்தால் ஹாலில் விளக்குப் போடவில்லை. டிவி வெளிச்சம் மட்டும் நீலமாக அசைந்தது. அஷ்வினி பாயில் முகம் புதைத்துத் தூங்கிவிட்டிருந்தாள். அவளைத் தூக்கக் கால் எடுத்து வைத்த சுசித்ராவின் பெருவிரல் மெத்தென்று எதிலோ இடித்தது.

முழங்கால்.

அது மரியாதையாக ஒதுங்கிக்கொண்டது.

யாரோ இருமினார்கள். வளையல் நகர்ந்தது. எங்கேயோ ஒரு கைக்குழந்தை சிணுங்கி அடங்கியது. பார்த்தால் யாருமில்லை. ஆனால் அவளுக்கும் பிள்ளைக்கும் நடுவில் கால் வைக்க இடமில்லை.

ரத்தினவேலுக்குப் போன் போட்டாள். மெஷினில் நிற்கும்போது எடுக்க மாட்டான் என்று தெரிந்தேதான் போட்டாள். கத்துவதற்குக்கூட உடம்பில் தெம்பில்லை. பயத்தைவிட அலுப்பே பெரிதாக இருந்தது. எல்லாரும் போனால் போதும். பிள்ளையை அணைத்துக்கொண்டு படுத்தால் போதும்.

சாமிப் படத்தடியில் இருந்த குங்குமத்தைத் தட்டில் கொட்டினாள். ரிமோட்டை அழுத்தினாள்.

டிவி அணைந்தது. இருட்டு.

தட்டை நீட்டினாள்.

"போயிட்டு வாங்க."

குங்குமத்தில் ஒரு குழி விழுந்தது. விரல் நுனி அளவு. பக்கத்தில் இன்னொன்று. இன்னொன்று. தட்டு லேசாக லேசாக அமுங்கியது. கொலுசுகள் எழுந்தன. புடவைகள் அவள் கையை உரசிக்கொண்டு போயின. கதவு திறந்தது. வாசலில் செருப்புத் தேடும் சத்தம்.

தரை குளிர்ந்தது. வாசம் போனது.

போய்விட்டார்கள். சுசித்ராவுக்கு அழுகையே வந்துவிட்டது. விளக்குப் போடக்கூட நிற்காமல் பாயில் தடவி, மகளை அள்ளித் தோளில் போட்டுக்கொண்டாள். கை பழக்கத்தில் தலையைத் தடவியது.

எண்ணெய்.

இரட்டைச் சடை. ரிப்பன்.

"அம்மா," என்றது தோளில் கிடந்தது, தூக்கக் கலக்கத்தில். "பிச்சர் முகீதா?"

தெருக்கோடியில் செருப்புச் சத்தங்கள் தேய்ந்துகொண்டிருந்தன. அவற்றின் நடுவே, யார் தோளிலிருந்தோ, அஷ்வினி அழுதுகொண்டே அவளைக் கூப்பிட்டாள். ஓட வேண்டும் என்று சுசித்ரா காலை எடுத்தாள்.

கழுத்தைச் சுற்றியிருந்த சின்னக் கைகள் இறுகின.