அத்தை கேட்ட மாத்திரை

"விஷமாடி குடுக்கிறே எங்கம்மாவுக்கு?"

சமையலறை வாசலில் நாத்தனார் போட்ட சத்தத்தில் மருமகள் கையிலிருந்த பால் டம்ளர் தளும்பியது. காலையில்தான் பெட்டியோடு வந்திறங்கிய நாத்தனார், வந்ததும் வராததுமாக அலமாரியில் மார்ஃபின் மாத்திரையைப் பார்த்துவிட்டாள்.

"அண்ணி... அது வலிக்கு..."

"பேசாதே! கீமோவை நிறுத்திட்டு மயக்கத்துல போட்டு வைக்கிறியா? பார்த்துக்க முடியலைன்னா சொல்லித் தொலையேன்!"

மாத்திரை அட்டை குப்பைக் கூடையில் விழுந்தது. மருமகள் கணவனைப் பார்த்தாள்.

"நிறுத்தினதே எனக்கும் அப்புறம்தான்க்கா தெரிஞ்சுது..." என்று அவன் முனகினான்.

அதுதான் அவள் நெஞ்சில் தைத்தது. வலியில் துடித்த அத்தையை இராப்பகலாக மடியில் தாங்கியவள் அவள். ஈரல்வரை பரவிய புற்று இனிக் குணமாகாது என்று டாக்டர் சொன்னபோதும் பக்கத்தில் இருந்தவள் அவள்தான். "புள்ளைங்ககிட்ட நானே சொல்லிக்கிறேன், நீ வாயைத் திறக்காதே" என்று அத்தை வாங்கிய சத்தியம் அவள் வாயைக் கட்டியிருந்தது.

உள்ளறைக் கதவு திறந்தது. காலமெல்லாம் பஸ் கண்டக்டராக இருந்த அத்தைக்கு உடம்பு பாதியாகியும் குரல் குறையவில்லை.

"அதை எடுடி!"

"அம்மா, இவ உன்னை..."

"நிறுத்தச் சொன்னது நான்! குணமாகுமான்னு டாக்டர்கிட்ட நானே கேட்டேன். ஆகாதுன்னாரு. வலியோடதான் கிடக்கணுமான்னு கேட்டேன். வேண்டாம், அதுக்குத் தனியா வைத்தியம் இருக்குன்னாரு. இப்போ நர்ஸ் வீட்டுக்கே வருது. மூச்சு முட்டினாலும் பார்க்குது, அழுகை வந்தாலும் உட்கார்ந்து பேசுது. அவங்க சொன்ன அளவுதான் இவ குடுக்கிறா. நேத்து நான் வலியில்லாம தலைக்குக் குளிச்சேன்டி! குளிப்பாட்டினது யாரு? நீயா?"

"அப்ப... சாகறதுன்னே முடிவு பண்ணிட்டியாம்மா?" நாத்தனாரின் குரல் உடைந்தது.

"இருக்கிறவரைக்கும் கத்திக்கிட்டே கிடக்கமாட்டேன்னு முடிவு பண்ணியிருக்கேன். எங்க இறங்கணும்னு கண்டக்டருக்கே சொல்லித் தர்றியா? என் உடம்பு இது! இவளைத் திட்டுறவங்க யாரும் என் கட்டில் பக்கம் வராதீங்க!"

நாத்தனார் அட்டையைப் பொறுக்கி முந்தானையால் துடைத்தாள். "எப்பெப்போ குடுக்கணும்... எனக்கும் சொல்லிக் குடு" என்று மருமகளைக் கட்டிக்கொண்டு விம்மினாள்.

கணவன் தயங்கித் தயங்கி அருகில் வந்தான். "ஏன் எங்கிட்டகூட சொல்லலை?"

"சத்தியம் வாங்கிட்டாங்க. ஆனா, நான் அப்படிச் செய்வேனான்னு ஒரு நிமிஷம் நீங்க யோசிச்சிருக்கலாம்."

அவள் கண்களைத் துடைத்துக்கொண்டு, அத்தையைத் தோளில் சாய்த்துக் கட்டிலுக்கு அழைத்துப் போனாள்.