பழுக்க விடுங்க

பிடரி யாருடையதாகவும் இருக்கலாம். ஆனால் செல்பேசியில் பார்த்த படத்தில் இருந்த கழுத்துச் சங்கிலியில், கொக்கி உடைந்த இடத்தில் சிவப்பு நூல் சுற்றியிருந்தது. அதைச் சுற்றியவள் அவள்தான்.

பல் மருத்துவமனையில் அவள் உதவியாளர். பிறர் வாயிலிருந்து ரத்தமும் சீழும் துடைத்துத் துடைத்து, அருவருப்பு என்பதே தனக்கு மரத்துப்போய்விட்டதாக நினைத்திருந்தாள். கட்டிகளைப் படமெடுத்துப் போட்டு, கூட்டமாக உட்கார்ந்து ரசிக்கும் இந்த இணையக் குழுவில் அவளைச் சேர்த்துவிட்டது அங்கே வரவேற்பில் இருக்கும் பெண். "ஒரு தடவை பாருங்கக்கா, அப்புறம் விடவே மாட்டீங்க" என்றாள்.

ஞாயிறு மதியம். கணவர் வெளியே போயிருந்தார். எத்தனை முறை துவைத்தும் தலையணை உறையிலிருந்து, அழுகிய பழத்தோடு களிம்பைப் பிசைந்தது போன்ற ஒரு தித்திப்பு வாடை கசிந்து, மூடிய படுக்கையறை முழுக்க நின்றது. பிடரியில் ஒட்டியிருந்த பிளாஸ்திரி அரித்தது. "சாதாரணக் கொப்புளம்மா. டாக்டர் எதுக்கு? நானே மருந்து போட்டு விடறேன்" என்று தினமும் போட்டுவிடுபவர் அவர்தான்.

அதே கணக்கில் இருந்த பழைய படங்களுக்குப் போனாள். எல்லாம் அவள் தூங்கும்போது எடுத்தவை. கூந்தல் பக்குவமாக ஒதுக்கப்பட்டிருந்தது. கொசுக்கடி அளவில் தொடங்கி, நெல்லிக்காயாக உருண்டு, ஈரமாக மினுங்கியது. கடித்துக் குதறிய நகத்தோடு ஒரு கட்டைவிரல் அதைச் செல்லமாகத் தடவிக்கொண்டிருந்தது. அவர் விரல்.

கீழே கருத்துகள்.

"களிம்பை நிறுத்திடாதீங்க."

"பழுக்க விடுங்க. அவசரப்பட்டா உள்ள இருக்கிறது செத்துடும்."

"அவங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது. பாவம், அசந்து தூங்குவா." இது கணவர். அதற்கு நூற்றுக்கணக்கில் இதயங்கள்.

திரையை மேலே தள்ளினாள்.

கடைசிப் பதிவு காலையில் போட்டது. "இன்னிக்குத்தான். எல்லாரும் வந்துடுங்க."

வாசல் பூட்டு திறந்தது. செருப்புகளைக் கழற்றும் சத்தம். ஒரு ஜோடி அல்ல.

"எழுந்துட்டியாம்மா? விருந்தாளிங்க வந்திருக்காங்க."

தலை வாரிய பெரியவர் ஒருவர். கைப்பையோடு ஒரு நடுவயதுப் பெண். பின்னால், வரவேற்புப் பெண். எல்லார் கையிலும் செல்பேசி. அறை வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்கள்.

"பயப்படாதீங்கக்கா, வலிக்காது" என்றாள் வரவேற்புப் பெண். எச்சில் விழுங்கினாள்.

கத்த வாய் திறந்தாள்.

அதற்குள் கணவரின் கை தோளை அழுத்தியது. பிளாஸ்திரி தோலோடு உரிந்தது. சூடாக ஏதோ முதுகில் வழிந்தது. அந்த வாடை. பெரியவர் கண்ணை மூடி அதை ஆழமாக இழுத்தார்.

கைப்பைக்காரி குனிந்தாள். கைக்குழந்தையைக் கொஞ்சும் குரலில் கூப்பிட்டாள்.

"எங்க, இந்தப் பக்கம் பாருடா கண்ணு."

அவளிடம் சொல்லவில்லை.

பிடரித் தோலுக்கு அடியில், குரல் வந்த திசைக்கு, ஏதோ ஒன்று மெல்லத் திரும்பியது.