நீல ட்ரம்மும் ரம்புத்தான் சருகும்

ரோகினிக்கு ஒரு யோசனை வந்துவிட்டால் அவளோடு சேர்ந்து நானும் அவதிப்பட வேண்டும். என் தலையெழுத்து அது!

நான் ஃபஸீலா. கோலா சாவா பக்கம் எண்ணெய்க்குப் பயிரிடும் செம்பனைத் தோட்டம் ஒன்றில் எங்கள் வீடுகள் ஒரே வரிசையில் இருக்கின்றன. இரண்டு பேரும் ஐந்தாம் ஆண்டு, ஒரே வகுப்பு.

எங்கள் தோட்டத்துக்குக் குப்பை லாரி நினைத்தால் வரும், நினைக்காவிட்டால் வராது. அதற்குள் குரங்குகள் வந்து பைகளைக் கிழித்து, வாசலெல்லாம் இறைத்துவிட்டுப் போகும். எல்லாரும் குரங்குகளைத் திட்டினோம்.

ரோகினி மட்டும், "அதுங்களுக்குப் பசிக்குது, வருதுங்க. நாமதான் சாப்பாட்டுக் குப்பையை வெளியில வைக்கக் கூடாது" என்றாள். வெளியூருக்குச் சரக்கு லாரி ஓட்டும் தன் அப்பாவை நச்சரித்து, மூடி போட்ட நீல ட்ரம் ஒன்றை வாங்கிவிட்டாள்.

"காய்த்தோல், டீத்தூள் எல்லாத்தையும் இதுல போட்டா உரமாயிடும் லா!" என்றாள். எங்கள் ஊரில் பேச்சுக்குப் பேச்சு 'லா' வரும்.

என் அத்தா சாப்பாட்டுக்கடை வைத்திருக்கிறார். அங்கிருந்து நான் பை பையாகத் தேங்காய்ச் சக்கை கொண்டுபோய்க் கொடுத்தேன். அவள் அம்மா அரிசி கழுவிய தண்ணீரைக் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றுவார். செடி தளதளவென்று வளர்ந்திருந்தது. 'செடிக்கு நல்லதென்றால் உரத்துக்கும் நல்லதுதானே' என்று ரோகினி அந்தத் தண்ணீரைத் தினமும் ட்ரம்மிலும் ஊற்றினாள். குரங்கு திறக்காதபடி மூடியை இறுக்கி வைத்தாள்.

அடுத்த வாரம் ஒரு நாற்றம் கிளம்பியது பாருங்கள், அம்மாடியோ! எங்கள் வீட்டுப் பூனையே சாலையைத் தாண்டி அந்தப் பக்கம் போய்ப் படுத்துக்கொண்டது.

ரோகினி வீட்டுக்குப் பக்கத்து வீடு சன்னாசி மாமாவுடையது. ரோகினியின் அம்மா விமலா தொழிற்சாலைக்குப் போன பிறகு, தம்பி புனிதனைப் பார்த்துக்கொள்வது சன்னாசி மாமாவின் மனைவி தாயம்மா அத்தைதான். புனிதனுக்கு இரண்டு வயது. அத்தை ஊட்டினால்தான் சாப்பிடுவான். அத்தை தோளில்தான் தூங்குவான்.

அன்று சாயங்காலம் சன்னாசி மாமா வேலியருகே வந்து நின்றார்.

"ஏம்மா விமலா! இது வீடா, குப்பை மேடா? ஒரு வாய் சோறு இறங்க மாட்டேங்குது!"

விமலா அத்தை வேலை முடிந்து அப்போதுதான் வந்திருந்தார். களைப்பில் அவருக்கும் சுள்ளென்று வந்துவிட்டது.

"உங்க வீட்டுப் புகை மட்டும் சாம்பிராணியா அண்ணே? தினமும் சருகைக் கூட்டிக் கொளுத்துறீங்க. என் புள்ள ராத்திரியெல்லாம் இருமுறான்!"

"அப்படின்னா புகையில்லாத வீடாப் பார்த்துப் புள்ளயை விடு!"

தாயம்மா அத்தை, "என்னங்க, என்ன பேச்சு இது!" என்று ஓடி வந்தார். ஆனால் விமலா அத்தை புனிதனைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திவிட்டார்.

"திங்கக்கிழமையிலிருந்து தம்பி ராசா டவுன்ல சித்தி வீட்டுல இருக்கட்டும்" என்று ரோகினியிடம் சொல்லிவிட்டார். "அது வரைக்கும் நான் லீவு போட்டுக்கறேன். இனிமே சனி ஞாயிறு மட்டும் கூட்டிட்டு வரலாம்."

ரோகினி அழுது நான் பார்த்ததே இல்லை. அன்று பார்த்தேன். எனக்கும் அழுகை வந்துவிட்டது.

"அம்மா, ட்ரம்மைத் தூக்கிப் போட்டுடறேன். தம்பியை அனுப்பாதீங்க."

"ட்ரம்மைத் தூக்கிப் போடலாம். பேசின பேச்சை எங்க போடறது?" என்றார் அவர்.

மறுநாள் பள்ளி முடிந்து செம்பனை மரங்களுக்கு நடுவே நடந்து வந்தோம். வெட்டிய மட்டைகளை அங்கே மரங்களுக்கு இடையில் அடுக்கிப் போட்டிருப்பார்கள். ரோகினி திடீரென்று நின்றாள்.

"ஃபஸீ, இதை மோந்து பாரு."

"எனக்கு வேற வேலையில்லையா?"

"விளையாடாத லா. இதுவும் மக்கத்தானே செய்யுது? ஏன் நாறல?"

ஒரு நீளக் குச்சியால் மட்டைகளை நெம்பினாள். மேலே காய்ந்த மட்டைகள். நடுவே காற்றுப் போக நிறைய இடைவெளி. அடியில் கறுகறுவென்று பொலபொலப்பான மண். நானும் மோந்து பார்த்தேன். கொஞ்சம்கூட நாற்றம் இல்லை.

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். "என் ட்ரம்முல ஒரு காஞ்ச இலைகூட இல்ல. காத்தும் இல்ல. எல்லாம் ஈரம். பத்தாததுக்குத் தினமும் தண்ணி வேற ஊத்தியிருக்கேன்!"

"சரி, காஞ்ச இலைக்கு எங்க போறது?"

அவள் எங்கள் வீடுகள் இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தாள். எங்கள் வரிசையில் யார் வீட்டு ரம்புத்தான் மரம் அதிகமாகச் சருகு உதிர்க்கும் என்று எனக்கும் தெரியும்.

"வேணாம் லா! அவர்கிட்டயா?" என்று அலறினேன்.

அன்று சாயங்காலம் சன்னாசி மாமா மரத்தடியில் சருகைக் குவித்துவிட்டு, லைட்டரைக் கையில் எடுத்தார். ரோகினி நேராக அவரிடம் போனாள். நான் வேலிக்கு இந்தப் பக்கமே நின்றுகொண்டேன்.

"மாமா, கொளுத்தாதீங்க. அதை எனக்குக் குடுங்க."

"புகைக்குச் சண்டை போட உங்கம்மா உன்னை அனுப்பினாளா?"

"இல்ல மாமா. நாத்தத்துக்கு நான்தான் காரணம். காஞ்ச சருகு போடாம விட்டுட்டேன். உங்க சருகு கிடைச்சா நாத்தம் நின்னுடும்."

"குப்பையை வாங்கிக் குப்பையில போடப் போறியா?"

"ஆமா மாமா. தினமும் உங்க வாசலை நானே கூட்டிக் குடுக்கறேன்."

சன்னாசி மாமா சண்டைக்குத் தயாராக மூச்சை இழுத்திருந்தார். சண்டை போட எதிரே ஆள் இல்லையென்றால் பாவம் அவர் என்ன செய்வார்? லைட்டரைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"கூட்ட வேணாம். அள்ளிக்கிட்டுப் போ. ஞாயித்துக்கிழமையும் நாறுச்சுன்னா, அந்த ட்ரம்மை நானே தூக்கி எறிஞ்சிடுவேன்!"

நானாக இருந்தால் அவர் மூச்சை இழுத்தபோதே வீட்டுக்கு ஓடியிருப்பேன். ரோகினி கோணிப்பையை விரித்தாள்.

அதன்பிறகு அவள் பட்ட பாடு இருக்கிறதே! ட்ரம்மைச் சாய்த்து எல்லாவற்றையும் வெளியே கொட்டினாள். பாதி என் பள்ளிக் காலணிமேல் கொட்டியது. ஆணியும் சுத்தியலும் எடுத்து ட்ரம்மைச் சுற்றி ஓட்டைகள் போட்டாள். பிறகு கொஞ்சம் ஈரக் குப்பை, அதன்மேல் நிறையச் சருகு, மறுபடி ஈரக் குப்பை, மறுபடி சருகு என்று நிரப்பினாள். துணி மாட்டும் கிளிப்பை மூக்கில் மாட்டிக்கொண்டு நான் சருகு எடுத்துக் கொடுத்தேன். புனிதனும் ஒவ்வொரு இலையாகக் கொண்டுவந்து "இந்தா" என்று நீட்டினான்.

தினமும் காலையும் மாலையும் குச்சியால் கிளறிவிட்டாள். அரிசித் தண்ணீர் மறுபடி கறிவேப்பிலைக்கே போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை காலை விமலா அத்தை புனிதனின் துணிகளை ஒரு பையில் அடுக்கிக்கொண்டிருந்தார். சன்னாசி மாமா விறுவிறுவென்று வந்தார். தாயம்மா அத்தையும் பின்னாலேயே வந்தார்.

மாமா மூடியைத் திறந்து தலையை ட்ரம்முக்குள்ளேயே விட்டார். வெளியே எடுக்கவே இல்லை. ரோகினி என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"தாயம்மா!" என்று ட்ரம்முக்குள்ளிருந்து குரல் வந்தது. "இங்க வந்து பாரு. மழை பேஞ்ச மண்ணு மாதிரி இருக்கு!"

விமலா அத்தை பையோடு வாசலுக்கு வந்தார். "புனிதன் இப்பல்லாம் ராத்திரி இருமறதில்ல அண்ணே" என்றார் மெதுவாக.

மாமா கழுத்தைச் சொறிந்தார். "புள்ள இருமுறான்னு முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல, விமலா?"

"சொல்லியிருக்கணும். கோவத்துலதான் வாயில வந்துச்சு."

"எனக்கும்தான்" என்றார் மாமா.

தாயம்மா அத்தை ட்ரம்மை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. விமலா அத்தையின் கையிலிருந்த பையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "ராசாவுல உன் தங்கச்சி இவனை நல்லாத்தான் பார்த்துக்குவா. இங்க நான் யாரைப் பார்த்துக்கறது?" என்று கேட்டுவிட்டு, பையை வாங்கிக்கொண்டு தன் வீட்டுக்கு நடந்தார். புனிதன் குடுகுடுவென்று அவர் பின்னால் ஓடினான். விமலா அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

இப்போது ட்ரம்மில் பாதி உரமாகிவிட்டது. போன வாரம் வரிசையின் கடைசி வீட்டில் புகை கிளம்பியது. அந்த வீட்டு மணியம் அண்ணன் சருகைக் கொளுத்திக்கொண்டிருந்தார். சன்னாசி மாமா கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார்.

"டேய் மணியம்! அணைடா முதல்ல! எங்க ட்ரம்முக்குச் சருகு பத்தலைன்னு நான் தவிக்கிறேன், நீ கொளுத்துறியா?"

'எங்க ட்ரம்மா?' என்று கேட்க நான் வாயைத் திறந்தேன். ரோகினி மண் கையால் என் வாயைப் பொத்தினாள். பிறகு கோணிப்பையை எடுத்துக்கொண்டு, சிரித்தபடியே மாமாவின் பின்னால் ஓடினாள்.