பாதியில் நின்ற வசனம்

மெரெரிட் சொல்லும் வசனம் எப்போதும் ஒன்றுதான்: 'தேவன் அன்பானவர்.'

ஞாயிறுதோறும் ஆராதனையின் நடுவே பிள்ளைகள் ஒவ்வொருவராக முன்னால் போய் ஆளுக்கொரு வசனம் சொல்ல வேண்டும். வேல்ஸ் நாட்டில் அந்த மலைக்கிராமத்துச் சிற்றாலயத்தில் அது பழைய வழக்கம். இரண்டே சொல்லில் வேலை முடிகிறதே என்று மெரெரிட் வருடக்கணக்காக அதையே சொல்லிச் சமாளித்து வந்தாள்.

ஒரு ஞாயிறு சபை மூப்பர் எம்ரிஸ் அவளைப் பிடித்துக்கொண்டார்.

"போதும் தாயி. உனக்குப் பத்து வயசாச்சு. பாவம், அந்த வசனம் உழைச்சு உழைச்சுத் தேஞ்சே போச்சு. அடுத்த வாரம் இதைச் சொல்லு."

அவர் காட்டியது நீளமான வசனம். காணிக்கை கொண்டுவந்த இடத்தில், உன் சகோதரனுக்கு உன்மேல் குறை உண்டென்று நினைவுக்கு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போ; முதலில் அவனோடு சமாதானமாகி ஒப்புரவாகு; பிறகு வந்து காணிக்கையைச் செலுத்து.

புதன்கிழமைக்குள் மெரெரிட்டுக்கு அது தலைகீழ்ப் பாடம்.

வியாழக்கிழமைதான் வினை வந்தது. தோட்டத்தில் பந்து பொறுக்கப் போனவள் கதவைத் தாழிட மறந்துவிட்டாள். ஆடுகள் உள்ளே புகுந்தன. ஊர்க் கண்காட்சிக்கென்று அப்பா வளர்த்துவந்த லீக்ஸ் ஒன்றுகூட மிஞ்சவில்லை. வெங்காயத்துக்குப் பெரியப்பா மாதிரி தடித்தடியாக வளர்ந்திருந்தவை அவை.

"கெத்தின்! ஆட்டை ஓட்டிட்டு வந்தது நீதானே?" என்று அப்பா கத்தினார்.

"நான் கதவைச் சாத்திட்டுத்தான் வந்தேம்ப்பா!" என்றான் அண்ணன்.

"அப்போ ஆடே தாழ்ப்பாளைத் திறந்துச்சோ? அடுத்த சனிக்கிழமை போட்டிக்கு நீயும் போக வேண்டாம், உன் நாயும் போக வேண்டாம்!"

கெத்தினின் முகம் வாடிவிட்டது. ஆடு மேய்க்கும் நாய்களுக்கான அந்தப் போட்டிக்காக அவன் ஒரு வருடமாகத் தன் நாய் பெகாவைப் பழக்கியிருந்தான். மெரெரிட் வாயைத் திறந்தாள். அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் மூடிக்கொண்டாள். அன்றிலிருந்து சோறும் இறங்கவில்லை, அந்த வசனமும் அவளை விடவில்லை.

ஞாயிறு வந்தது. மெரெரிட் முன்னால் போய் நின்றாள். மூப்பர்களின் வரிசையில் அப்பாவும் உட்கார்ந்திருந்தார். கெத்தின் கடைசி பெஞ்சில் தலை குனிந்திருந்தான்.

"உன் சகோதரனுக்கு உன்மேல் குறை உண்டென்று... காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு..."

அதோடு நிறுத்திவிட்டு அவள் கடைசி பெஞ்சையே பார்த்தாள்.

மறந்துவிட்டாளாக்கும் என்று நினைத்து, எம்ரிஸ் எடுத்துக் கொடுத்தார். "போ..."

அவள் அசையவில்லை.

"போ! முதலில்..."

"இப்பவேவா ஐயா?"

"பின்னே எப்போ? இப்பத்தான்!"

மெரெரிட் விறுவிறுவென்று நடந்தாள். "ஏய், எங்க போற?" என்று எம்ரிஸ் பதறினார். அவள் திரும்பிப் பார்க்காமல் கடைசி பெஞ்சுக்கே போய் நின்றாள்.

"அண்ணா, கதவைத் திறந்து போட்டது நான்தான். பயந்துட்டுச் சொல்லல. என்னை மன்னிச்சுடு."

கெத்தினுக்குக் கோபத்தில் காது சிவந்தது. "இதை வியாழக்கிழமையே சொல்றதுக்கென்னடி?" என்றான். அவளுடைய கண்ணீரைப் பார்த்ததும் குரல் இறங்கிவிட்டது. "சரி, அழாதே. மன்னிச்சாச்சு. போய் மிச்சத்தைச் சொல்லு. பாதியில விட்டுட்டு வந்திருக்கே."

மெரெரிட் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்து சொன்னாள்: "பிறகு வந்து காணிக்கையைச் செலுத்து."

அப்போது அப்பா எழுந்தார். மெரெரிட் ஓரடி பின்வாங்கினாள். ஆனால் அவர் அவளுடைய தலையைத் தொட்டுவிட்டு நேராகக் கடைசி பெஞ்சுக்குப் போனார்.

"கெத்தின், நீ சொன்னதை நான் காதுலயே போட்டுக்கல. தப்பு என்மேலதாம்ப்பா. சனிக்கிழமை பெகாவை நானே வண்டியில ஏத்திட்டு வரேன்."

"முன்சீட்டுலதான் உக்காருவா, பரவாயில்லையா?" என்றான் கெத்தின். அப்பா சிரித்துக்கொண்டே அவன் பக்கத்தில் உட்கார்ந்தார்.

எம்ரிஸ் மூக்கைச் சிந்தினார். "அடுத்து யாரு?"

நான்கு வயதுப் பையன் டும் தத்தித் தத்தி முன்னால் வந்தான்.

"தேவன் அன்பானவர்!" என்று கத்திவிட்டு ஓடினான்.

அது சின்ன வசனம் என்று அன்றைக்கு யாரும் சொல்லவில்லை.